ஊரில் எவடம் என்று கேட்டவர்

அவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். அட்டையில் மாலை போட்ட படம், உள்ளே தேவாரம், கடைசிப் பக்கங்களில் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகள், நடுவில் அவரைத் தெரிந்தவர்களின் கட்டுரைகள். அந்த நடுப்பகுதிக்கு என்னிடமும் ஒன்று கேட்டார்கள். அவருடைய மகள்தான் தொலைபேசியில் கேட்டார். "உமக்குத்தானே வடிவாய் எழுத வரும். அப்பாவுக்கு உம்மில சரியான விருப்பம்."

பக்கத்தில் நின்ற என் அப்பா, ஓம் சொல்லு, ஓம் சொல்லு என்று கையைக் காட்டினார்.

"அவரைப் பற்றி எழுதுறன் அக்கா," என்றேன். மலருக்கு எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.

இது அந்த மலரில் வராது. அவருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பெயரும் ஊரும் தெரிந்தால்தான் ஒரு மனிதரை எங்கே வைப்பது என்று தெரியும் என்பது அவருடைய எண்ணம். இரண்டும் இல்லாமலே அவரை உங்களுக்குக் காட்டமுடியும் என்பது என்னுடைய எண்ணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. நாங்கள் ரொறொன்ரோவில் வந்து இறங்கியது ஒரு மாசி மாதம். அப்பாவிடம் இருந்தது கொழும்பில் வாங்கிய மெல்லிய ஸ்வெற்றர் ஒன்றுதான். பார்க்டேலில் எங்களுக்குக் கிடைத்த அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் வாசலில், முன்பின் தெரியாத ஒருவர் தன் கோட்டைக் கழற்றி அப்பாவின் தோளில் போட்டார். "போடும் தம்பி. இஞ்சத்தைக் குளிர் ஆளைத் தின்னும். எனக்கு வீட்டில இன்னொண்டு கிடக்கு." போட்டதோடு விடவில்லை. சிப் இழுக்கத் தெரியாமல் அப்பா தடுமாறியபோது, குனிந்து தானே இழுத்துப் பூட்டிவிட்டார். பூட்டிக்கொண்டே கேட்டார்:

"அது சரி, ஊரில எவடம்?"

மெலிந்த, நிமிர்ந்த மனிதர். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகம் பார்த்தவர். இங்கே ஒரு களஞ்சியத்தின் வாசலில் செக்கியூரிற்றி வேலை. அந்த நீலச் சட்டையையும் கச்சேரிக்குப் போகிற சட்டைபோல மடிப்புக் கலையாமல் போடுவார். அவருடைய ஆங்கிலமும் அப்படித்தான், இஸ்திரி போட்ட ஆங்கிலம். வெல்ஃபெயர் ஒஃபீசுக்கு, இமிக்கிறேசனுக்கு, என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு, எல்லாவற்றுக்கும் அவர்தான் கூட வந்து எங்களுக்காகப் பேசினார். எங்கள் கட்டடத்தில் அவர் உதவாத குடும்பம் இல்லை. உதவி கேட்டுப் போனவர்களிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு நாளும் கேட்காமல் விட்டதுமில்லை.

நேரே கேட்கமாட்டார். அது நாகரிகம் இல்லை. எவடம், எந்த இடம் என்று ஊரைக் கேட்பார். ஊரைச் சொன்னால் எந்தக் குறிச்சி என்பார். குறிச்சியைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்பார். கோயிலைச் சொன்னால், வடக்கு வீதியா தெற்கு வீதியா, எந்தப் பள்ளிக்கூடம், அங்கே அப்போது ஆர் தலைமை வாத்தியார், கலியாணம் எந்தப் பக்கத்தில். வைத்தியர் நாடி பார்க்கிறதுபோலத் தலையைச் சரித்து, கண்ணைப் பாதி மூடி, பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பார். பார்க்கப் பல கேள்விகள்போல இருந்தாலும் எல்லாம் ஒரே கேள்விதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்கும் அது என்ன கேள்வி என்று தெரியும். தெரியாதவர்கள் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: நீ என்ன சாதி?

அவருக்கும் அப்பாவுக்கும் லிஃப்ற்றில் நடக்கும் பேச்சு எனக்கு மனப்பாடம்.

"ஊரில எவடம் எண்டு சொன்னனீர்?"

"வடமராட்சிப் பக்கம், ஐயா."

"ஓ, வடமராட்சி. வடமராட்சியில?"

"கடலுக்குக் கிட்ட."

"கடலுக்குக் கிட்ட எண்டால் கனக்கக் கிடக்கு. எந்தக் கோயிலடி?"

"லிஃப்ற் வந்திட்டுது ஐயா, வாறன்."

வந்த தளம் எங்கள் தளமாக இருக்காது. அப்பா வழியில் இறங்கி மிச்சத்தைப் படியில் ஏறி வருவார். கோழி இறைச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்ற கால்களோடு. மூச்சு வாங்கக் கதவைத் திறந்துகொண்டு வரும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். "இண்டைக்கும் சந்திச்சனீங்களோ?" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

என்னையும் கேட்டிருக்கிறார்.

"பிள்ளை, நீங்கள் எவடம்?"

"பார்க்டேல், அங்கிள்."

"உது இஞ்ச. நான் கேட்டது ஊரில."

"நான் ஊரில இருந்ததைவிட இஞ்சதான் கனகாலம், அங்கிள்."

"கெட்டிக்காரி!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப அப்பான்ர ஊர்?"

"அதை அப்பாவிட்டத்தான் கேக்கவேணும்."

"அந்த மனிசன் சொல்லுதில்லையே பிள்ளை!"

இந்த இடத்தில் எப்போதும் ஒரு வசனம் சொல்வார். எத்தனையோ பேருக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "ஆரையும் குறைச்சு நினைக்கக்கூடாது பிள்ளை. ஆனால் ஆர் எண்டு தெரிஞ்சிருக்கவேணும்."

தெரிந்தபிறகு என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் பார்த்திருந்தோம். எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் வீட்டில் இடியப்பம் அவித்து, தனியாக இருந்த ஆண்களுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். நல்ல இடியப்பம். மாலையானால் அவளுடைய கதவடியில் கழற்றிவிட்ட சப்பாத்துகள் குவிந்திருக்கும். ஒரு நாள் அவர் கேட்டார். அவள் வெள்ளையாகப் பதில் சொல்லிவிட்டாள். அவளைப் பற்றி அவர் ஒருவரிடமும் கெட்டதாகச் சொல்லவில்லை. "அவையள் நல்ல சனங்கள், ஆனால்..." என்று மட்டும் சொல்வார். அந்த 'ஆனால்' போதும். கதவடியில் சப்பாத்துகள் குறைந்தன. அவள் ரெக்ஸ்டேலுக்கு வீடு மாறிப்போனாள். வீட்டுச் சாமான்களை ஏற்றுவதற்கு வான் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் இத்தனை நாள் நின்றிருக்காது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எனக்கு யூனிவேர்சிற்றி கிடைத்தபோது, கேக்கோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாய்ப் பார்த்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் தெரியும், அதுவும் கனடாவுக்கு வந்து நான் பழக்கியது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவள் ஊரில் ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போனவள். மற்றப் பிள்ளைகள் பலகை வாங்கில் இருக்க, அவளை நிலத்தில் இருத்தினார்கள். அடுத்த நாள் அவள் போகவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை. அந்த அம்மா டவுன்டவுனில் ஒஃபீசுகளைக் கூட்டித் துடைத்து என்னைப் படிக்கவைத்தாள்.

எங்கள் சோஃபாவில் இருந்துகொண்டு அவர் அப்பாவிடம் சொன்னார்: "எனக்கு அப்பவே விளங்கிட்டுது தம்பி, நீங்கள் நல்ல இடத்து ஆக்கள் எண்டு. படிப்பு இரத்தத்தில இருக்கவேணும். இல்லாட்டி வராது."

அப்பா கேக்கைப் பார்த்துக்கொண்டு "ஓம் ஐயா" என்றார். அம்மா குசினிக்குள் போய்விட்டாள். என் வாழ்க்கையில் நான் சம்பாதித்த முதல் பெருமையை அவர் எடுத்து, யாரென்றே தெரியாத என் பாட்டன் பூட்டன்களுக்குக் கொடுத்துவிட்டார். எங்களைப்போன்றவர்களின் பாட்டன் பூட்டன்களைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வரவிடாதவர்கள் யார் என்பது அவருக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு கேள்வி நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை, கூடியது. மொன்றியலில் அவருடைய தமக்கையின் பேரன் ஒருவன் எஞ்சினியராக இருந்தான். எனக்கு மாப்பிள்ளையாக அவனைப் பார்க்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. முடிவைத் தானே எடுத்துவிட்டார். ஆனால் முடிவுக்கு ஆதாரம் வேண்டுமே.

அந்தக் கோடையில்தான் நாங்கள் அவரோடு பயணம் போனோம்.

ஒவ்வொரு கோடையும் அவர் ஒரு பஸ் அளவு ஆட்களைச் சேர்த்து, பிரான்சில் இருக்கும் லூர்து மாதாவிடம் கூட்டிப்போவார். கிறிஸ்தவ வேதக்காரரும் சைவக்காரரும் கலந்த கூட்டம். ஊரில் மடு மாதாவிடம் எல்லாரும் போவதுபோலத்தான். அம்மாவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. குடும்பத்தோடு கனடா போய்ச் சேர்ந்தால் மாதாவின் காலடிக்கு வருவேன் என்று சண்டைக்குள் வைத்த நேர்த்தி. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது மாதா மட்டுமில்லை. மற்றப் பெண்களோடு ஒரே பஸ்ஸில் இருந்து, ஒரே டப்பாவில் கைபோட்டுச் சாப்பிட்டு, ஒரு கிழமையாவது அவர்களில் ஒருத்தியாய் இருந்து பார்க்கவேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. அதை அவள் வாயால் சொல்லவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் முழுக்க அடுப்படியில் நின்று, பெரிய ஐஸ்கிரீம் டப்பா நிறைய அவள் வெங்காயமும் மிளகாயும் போட்டுச் சீனிச் சம்பல் வதக்கியதைப் பார்த்து எனக்கு விளங்கியது.

அந்தச் சம்பல் வென்றது. ஹோட்டல் ரொட்டிப் பாண் தொண்டைக்குள் இறங்காமல் தவித்த கூட்டம், ஒவ்வொரு காலையும் அம்மாவின் மேசையைச் சுற்றி நின்றது. "அக்கா, எனக்கும் கொஞ்சம்." "என்ன போட்டனீங்கள் அக்கா, இவ்வளவு வாசம்?" அம்மா கரண்டியோடு நிற்பாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை. எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்டவர் அவர்தான். "தங்கச்சி, உங்கட கைப்பக்குவம் தனிப் பக்குவம். இது எந்த ஊர்ப் பக்குவம்?" வாயில் சம்பலோடும் அதையேதான் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பாள். அப்படித் தப்பிக்க அவளுக்குத் தெரியும்.

திரும்பும் விமானம் மட்ரிட்டிலிருந்து. இடையில் ஒரு நாள் மிச்சமாக இருந்தது. அந்த நாளில் தொலேதோ என்ற பழைய பட்டினத்துக்குப் போனோம். ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவில் குன்று. குன்று முழுக்கக் கல் வீடுகள். உச்சியில் பெரிய தேவாலயம். ஒரு ஸ்பானியப் பெண் எங்களுக்கு வழிகாட்டி. குச்சியில் மஞ்சள் துணி கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் தமிழில் சொன்னார். அவள் ஒரு வசனம் சொன்னால் அவர் ஒரு பிரசங்கம் வைப்பார். அந்தக் குரலும் கையசைப்பும் சேர்ந்து, கேட்கச் சோர்வே வராது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளை அடித்த சுவர்கள் இரண்டு பக்கமும் நெருக்கிய ஒரு ஒழுங்கையில் அவள் நின்றாள். முன்பு யூதர்கள் இருந்த பகுதி அது. அவர்களை மிரட்டி ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். மதம் மாறியவர்கள், இனி எல்லாரும்போல வாழலாம் என்று நினைத்தார்களாம். விடவில்லை. நல்ல உத்தியோகம் வேண்டுமென்றால் இரத்தம் சுத்தமா என்று பார்த்தார்கள். பாட்டன் யார், பூட்டன் யார் என்று சொந்த ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள். அயலவர்கள்கூடச் சும்மா இருக்கவில்லை. யூதர்கள் சனிக்கிழமை அடுப்பு மூட்டமாட்டார்கள், பன்றி தின்னமாட்டார்கள்; அதனால் சனிக்கிழமை இந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா, இந்த வீட்டுச் சட்டியில் பன்றி இறைச்சி வேகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் மொழிபெயர்த்தார். பாதியில் அவருடைய குரல் தழுதழுத்தது.

"பாருங்கோ சனங்களே! வேதத்துக்கு மாறின பிறகும் விடேல்லையாம். பாட்டன் ஆர் எண்டு ஊருக்குப் போய் விசாரிச்சவங்களாம். மனிசரே உவங்கள்? ஒரு மனிசன் எங்க பிறந்தான் எண்டு பாத்தே அவனை மதிக்கிறது? எங்களுக்கும் உதுதானே நடந்தது. செக்பொயின்ற்றில இறக்கி வைச்சு, பேரென்ன, ஊரென்ன, எவடம் எண்டு கேட்டுக் கேட்டு..." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்கள். ஒருவர், "உண்மை ஐயா, உண்மை," என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அந்தக் கண்ணீர் நிசம். அதுதான் பயங்கரம்.

அம்மா அவரை நம்பிவிட்டாள்.

கூட்டம் நகர்ந்தபோது அம்மா விரைந்து நடந்து அவர் பக்கத்தில் போனாள். நான் இரண்டடி பின்னால். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்திருந்தால் இழுத்திருப்பேன்.

"நீங்கள் சொன்னது சரியான உண்மை அண்ணை," என்றாள். "எங்களையும் உப்பிடித்தான். ஊர்க் கோயிலுக்க விடேல்லை. பள்ளிக்கூடத்தில நிலத்தில இருத்தினவை. தண்ணி கேட்டால் சிரட்டையிலதான் தருவினம். நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை அண்ணை. இண்டைக்கு நீங்கள் கதைச்சதைக் கேட்க, உங்களுக்குச் சொல்லலாம் எண்டு மனம் வந்தது."

அத்தனை வருடமாக லிஃப்ற்றிலும் வாசலிலும் சோஃபாவிலும் அவர் தேடித் திரிந்ததை, அந்த ஒழுங்கையில் அம்மா தானாகவே கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் நின்றார். கண்ணாடியை மறுபடியும் கழற்றித் துடைத்தார். "ஓ," என்றார். "அப்பிடியே?" பிறகு வழிகாட்டியின் பக்கம் திரும்பி, மதியச் சாப்பாட்டுக்கு எங்கே நிற்போம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். ஒரு சுமை இறங்கிய மாதிரி.

சாப்பிட இருந்த இடம் ஆற்றுக்கு மேலே ஒரு சின்னப் பூங்கா. கல் மதிலில் வரிசையாக எல்லாரும் இருந்தோம். ஹோட்டலில் கட்டித்தந்த பாண் ஆளுக்கொன்று. அங்கே போய்ச்சேரும்வரை அவர் வழியில் ஓரிருவரோடு தணிந்த குரலில் பேசியதைக் கண்டேன். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

அம்மா டப்பாவைத் திறந்து, கரண்டியைக் குத்தி, பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினாள்.

"எனக்கு வயிறு ஒரு மாதிரி அக்கா. வேண்டாம்."

அடுத்தவளிடம் போனது. "நான் இண்டைக்கு விரதம்." வாயில் பாண் இருந்தது. அடுத்தவள் டப்பாவின் விளிம்பை விரல் நுனியால் பிடித்து அப்பால் தள்ளினாள். டப்பா மதில் நீளத்துக்கும் போயிற்று. கடைசியில் காது கேளாத ஒரு கிழவர் இருந்தார். அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, சொல்லவும் முடியாது. அவர் ஆசையோடு ஒரு கரண்டி அள்ளிப் பாணில் வைத்தார். மனைவி அவருடைய தொடையில் கிள்ளினாள். "ஏனடி?" என்று பூங்கா முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவள் பாணையே பறித்து மதிலுக்கு அப்பால் எறிந்தாள். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

டப்பா திரும்பி வந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். பிறகு மூடினாள். அந்த மூடி ஒரு பக்கம் அழுத்த மறு பக்கம் கிளம்பும். அவள் அதைச் சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, நான் சாப்பிடுறன், தாங்கோ," என்றேன்.

"வேண்டாம். வை," என்றாள்.

அப்பா எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தேவாலயத்துக்குள் போனோம். எவ்வளவு பெரிய இடம் என்பது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. பீடத்துக்குப் பின்னால் கூரையைத் துளைத்து வெளிச்சம் விழவிட்டிருந்தார்கள். எல்லாரும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள். நடுவில் மரத்தில் செதுக்கிய ஆசனங்கள், வரிசை வரிசையாக. அந்த ஆசனங்களில் இருக்கிற குருமார்களும் தங்கள் இரத்தம் சுத்தம் என்று நிரூபிக்கவேண்டும் என்று வழிகாட்டி சொன்னாள்.

அவர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். ஆங்கிலத்தில் அவளிடம் கேட்டேன்: "விசாரிக்கப் போனவர்கள் ஊரில் என்னென்ன கேட்டார்கள்?"

அவளுக்குக் கேள்வி பிடித்துவிட்டது. ஆர்வமாகச் சொன்னாள். நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். அவருக்குத் தமிழில் இருக்கும் அதே சத்தம் எனக்கும் வந்தது.

"கேள்வி இதுதானாம். இவரின்ர ஊர் எது? ஊரில எவடம்? எந்தக் கோயிலடி? இவற்ற தகப்பன் ஆர், தகப்பன்ர தகப்பன் ஆர்? கலியாணம் எந்தப் பக்கத்தில செய்தவை? இவையின்ர வீட்டில ஆர் ஆர் சாப்பிடுறவை, ஆர் ஆர் சாப்பிடாமல் எழும்பிப் போறவை?"

கோயிலடி என்பது மட்டும் நான் சேர்த்தது. மிச்சம் எல்லாம் அவள் சொன்னது.

விரதக்காரி தரையைப் பார்த்தாள். யாரோ இருமினார்கள், அந்தப் பெரிய கூரைக்குள் அது எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். நான் படித்தது இதற்குத்தான் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல். "நல்லா மொழிபெயர்க்கிறாய் பிள்ளை," என்றார். "இனி நீயே செய்யலாம்." பிறகு மற்றவர்களிடம், "வாங்கோ, அடுத்ததைப் பாப்பம்," என்று முன்னால் நடந்தார். கூட்டம் அவருக்குப் பின்னால் போயிற்று. அவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அந்த ஊர்க்காரர் செய்தது பாவம். தான் செய்வது விசாரிப்பு. இரண்டுக்கும் நடுவில் அவர் மனதில் ஒரு கடலே கிடந்தது.

அப்பா என் கையைப் பிடித்தார். "காணும். வாயை மூடு," என்றார்.

பின்னேரம் பஸ் மட்ரிட்டுக்குத் திரும்பியது. காய்ந்த வயல்கள், ஒலிவ மரங்கள், நீளமான வெயில். பாதி வழியில் அம்மா எழுந்தாள். ஓடுகிற பஸ்ஸில் இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்தாள். அவர் முதல் இருக்கையில் இருந்தார். அம்மா நியாயம் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். என் பேச்சு அவளுக்குத் துணிவைக் கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். நானும் எழுந்து பின்னால் போனேன், அவள் தடுமாறினால் பிடிப்பதற்கு.

"அண்ணை," என்றாள் அம்மா, குனிந்து. "குறை நினையாதேங்கோ. இத்தினை நாளும் தெரியாமல் என்ர கையால சாப்பிட்டிட்டியள். நான் முதலே சொல்லியிருக்கவேணும். பிள்ளை கோயிலுக்க கதைச்சதையும் மனதில வையாதேங்கோ. படிக்கிற பிள்ளையள் உப்பிடித்தான்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு மிகவும் இரக்கமாக, மாசி மாதத்தில் கோட்டைப் போட்டுவிட்ட அதே குரலில் சொன்னார்:

"பரவாயில்லை, விடு. தெரியாமல் நடந்ததுதானே. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். போய் இரு."

காலையில் அவள் அவருக்குத் தங்கச்சி. காலையில் அவள் 'நீங்கள்'.

என் அம்மா அவருக்கு உணவு கொடுத்த குற்றத்தை அவர் மன்னித்துவிட்டார். பஸ் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய பிடி நான் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருந்தது. தரை துடைக்கிற கை. அப்படியே என்னை எங்கள் இருக்கைக்குக் கூட்டி வந்து யன்னல் பக்கம் தள்ளி இருத்தினாள். சப்பாத்தைக் கழற்றினாள். காலை நீட்டினாள்.

"நல்ல மனிசன்," என்றாள் அப்பாவிடம். "கோவிக்கேல்லை."

"ஓம்," என்றார் அப்பா.

அம்மா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். அந்தப் பயணத்தில் அவள் அப்படி நிம்மதியாக நித்திரை கொண்டது அன்றைக்குத்தான். மட்ரிட் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை. அசைத்தால் அவள் எழும்பிவிடுவாள். எழும்பினால் நான் கத்திவிடுவேன். கத்தவேண்டியது அவரைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.